அரைப் பேர்

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்த கடிதத்தை அதிபர் என் மேசையில் வைத்துவிட்டு, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நழுவிவிட்டார். அவருக்கு என்னைத் தெரியும். கையில் நீட்டினால் அப்படியே திருப்பி நீட்டிவிடுவேன். மேசையில் கிடந்தால் அது என் தலையில் விழுந்த வேலை.

ஊடகப் பிரிவு உள்ள பாடசாலைகள் எல்லாம் 'ஆரோக்கியமான பாடசாலை' என்ற தலைப்பில் ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை மாணவர்களைக் கொண்டே எடுத்து அனுப்ப வேண்டுமாம். எங்கள் பாடசாலையிலும் ஊடகப் பிரிவு இருக்கிறது. அதாவது ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ஒரு மைக் இருக்கிறது, காலைக் கூட்டத்தில் பாதி நேரம் அது தானாகக் கத்தும். பொறுப்பாசிரியர் என்று நான் இருக்கிறேன். தமிழ்ப் பாடம், தரம் பத்தின் வகுப்பாசிரியர் வேலை, நூலகம், டெங்கு ஒழிப்பு, விளையாட்டுப் போட்டிக்கு வர்ணனை, இத்தனையும் போக இது. தமிழ் படிப்பிக்கிறவளுக்கு நேரம் கொட்டிக் கிடக்கும் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

நான் ஹட்டனிலிருந்து வருகிறவள். காலை பஸ்ஸில் நின்றுகொண்டே நோர்வூட் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஏறினால்தான் பாடசாலை. மூட்டுவலிக்காரி. ஹட்டன் டவுனுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அது வலயத்தில் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது. அதனால் வலயம் கேட்கிற எதற்கும் மாட்டேன் என்று சொல்லாமல் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருந்த காலம் அது.

தரம் பத்தில் ஆறு பேரைப் பொறுக்கினேன். நாலு பெண் பிள்ளைகள், இரண்டு பையன்கள். அதில் ஒருத்தி வகுப்பிலேயே உயரமானவள், குரலும் உயரம். நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அம்மா கொழுந்தெடுக்கிறவர், அப்பா கொழும்பில் கடை வேலை. எதைச் சொன்னாலும் "ஏன் டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளை. பத்தாவது வருடத்து ஆசிரியைக்கு அது பிடிக்கும். எனக்கு இருபத்துமூன்றாவது வருடம்.

நான் போட்ட திட்டம் சுலபமானது. பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவுவார்கள், பின்னால் ஒரு பாட்டு, கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள், முடிந்தது. கொரோனா காலத்தில் யாரோ புண்ணியவான்கள் கட்டிக்கொடுத்த கைகழுவும் தொட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. ஆறு பைப்பு, நீல வர்ணம், சுவரில் சிரிக்கிற சவர்க்காரப் படம். திறப்பு விழா அன்றைக்கு வந்த தண்ணீர்தான் அதில் கடைசித் தண்ணீர். மேல்மலை ஊற்றிலிருந்து வரும் குழாய் அடுத்த மழையில் மண்சரிவோடு போய்விட்டது.

அதற்கும் வழி கண்டுபிடித்தோம். சுவருக்குப் பின்னால் ஒரு பையன் வாளியோடு ஏறி நின்று, ஒரு துண்டு ஹோஸ் குழாயில் தண்ணீரை ஊற்ற வேண்டும். குழாயின் மறு முனையைப் பைப்பின் வாயோடு கட்டிவிட்டோம். கேமராவில் பார்த்தால் பைப்பில் தண்ணீர் வருவது போலவே இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நெட்டை கையில் சவர்க்காரத்தோடு நின்றாள். தண்ணீர் விழுந்தது. அவள் கழுவாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ள, கழுவேன்!"

"டீச்சர், நாங்க பொய்த் தண்ணியில கை கழுவுறோம்."

"அஞ்சு நிமிஷம். முடிஞ்சிரும்."

"முடிஞ்சா மட்டும்? நாளைக்கும் இந்தப் பைப்புல காத்துத்தானே டீச்சர் வரும்? எங்க டொய்லட்டைப் பத்தி எடுத்தா என்ன?"

கத்திவிட்டேன். நான் என்ன ஜனாதிபதியா, தண்ணீர் கொண்டுவர? மூன்று மணி ஆட்டோவைத் தவறவிட்டால் எனக்கு அடுத்த ஆட்டோ இல்லை, உனக்கென்ன, நடந்து லயத்து வீட்டுக்குப் போய்விடுவாய் என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வாளியைக் கழுவி வைத்தார்கள். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலையும் அவள் மேலேயே போட்டேன்.

மறுநாள் அவள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று பக்கம் எழுதியிருந்தாள், நெருக்கி நெருக்கி. மேலே தலைப்பு: அரைப் பேரு.

தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'தான். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பார்கள். மலைக்கு ஏறி, கேட்ட அளவு கொழுந்தை எடுத்து நிறுத்துவிட்டால் அன்றைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ, நடுவில் இறங்கிவிட்டாலோ அரைப் பேர். சம்பளமும் பாதி. காலை முழுக்க மழையில் நின்றிருந்தாலும் செக்ரோல் பதிவேட்டில் ஆள் பாதிதான். எங்கள் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல் இது. அம்மா மத்தியானமே லயத்துக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அரைப் பேராம்மா?" என்றுதான்.

அந்தச் சொல்லை அவள் பாடசாலைக்கு இழுத்து வந்திருந்தாள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மைதானத்தில் பெரட்டு. பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தி கங்காணி மாதிரிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொருத்தியும் எத்தனை மணி வரை பாடசாலையில் இருந்தாள், ஏன் போனாள் என்று சொல்கிறாள். கங்காணிப் பிள்ளை எழுதிக்கொண்டே சொல்கிறாள்: அரைப் பேரு, அரைப் பேரு, அரைப் பேரு.

எனக்கு அது புதிய செய்தி இல்லை. அதுதான் சிக்கல். பெண் பிள்ளைகளுக்கு நாலு மலசலகூடம். ஒன்றில் உடைந்த மேசைகள். ஒன்றுக்குக் கதவு இல்லை. மற்ற இரண்டுக்கும் தண்ணீர் இல்லை. வாளியில் தூக்கிக்கொண்டு கீழே ஓடையிலிருந்து ஏற வேண்டும், பையன்களின் வகுப்பைத் தாண்டி. எந்தப் பிள்ளை அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அத்தனை கண்களுக்கு முன்னால் ஏறும்? அதனால் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மாதத்தில் தூரமான நாட்களில் இடைவேளை மணி அடித்ததும் என் மேசைக்கு வந்து, "டீச்சர், வயித்து வலி" என்பார்கள். எனக்கு விளங்கும். தலையை ஆட்டுவேன். கேட்டில் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. துண்டில் காரணம் எழுத வேண்டும். அதைக் கேட்டில் இருக்கிற மனிதர் வாசிப்பார். அந்தக் கொடுமை வேண்டாம் என்று ஜன்னல் வழியாக அவருக்குக் கையைக் காட்டிவிடுவேன். பிள்ளை போய்விடும்.

வகுப்பு இடாப்பில் வரவு போடுவது காலையில் ஒரே ஒரு தடவைதான். வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். அரை என்று ஒரு குறி அதில் கிடையாது. அதனால் அவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். சில நாள் காலையிலேயே வராமல், தங்கச்சியிடம் "வயித்து வலி" என்று சொல்லி அனுப்புகிற பிள்ளைக்கும் ஒன்று போட்டிருக்கிறேன். வரவு குறைந்தால் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்துக்கு வரும்போது அதிபர் அறையில் நிற்க வைப்பார்கள். என்னையும் நிற்க வைத்திருக்கிறார்கள். நான் திம்புள்ள பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள். எங்கள் பாடசாலையில் அப்போது மலசலகூடமே இல்லை. அந்த நாட்களில் வீட்டில் இருந்துவிடுவேன். என் வகுப்பு டீச்சர் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டு, மாதக் கடைசியில் எல்லோருக்கும் முன்னால் எண்ணிக் காட்டுவார். அந்த அவமானம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஆசிரியையாக வந்தால் ஒரு பெண் பிள்ளைக்கும் அந்தப் பூஜ்யம் விழாது என்று முடிவு செய்திருந்தேன். விழவில்லை. என் வகுப்பு வரவுதான் கோட்டத்திலேயே சிறந்தது என்று ஒரு முறை கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொப்பியைத் திருத்தினேன். தமிழ் டீச்சர், சிவப்புப் பேனையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அப்புறம் ஒரு வரியில் நின்றேன். "மாசாமாசம் நாங்க பாதி நாள்ல வீட்டுக்குப் போறோம்" என்று எழுதியிருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கிற படம். 'மாசாமாசம்' என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். அதை வெட்டி, 'சில சந்தர்ப்பங்களில்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஏன் டீச்சர்?"

"அது நாகரிகமா இருக்கும்."

"சில சந்தர்ப்பம்னா மழை வந்தாலும் போறோம்னு நெனைப்பாங்களே."

"நான் சொல்றத எழுது."

எழுதினாள். முகம் மட்டும் சுருங்கிப் போனது.

படம் எடுத்தது என் போனில்தான். முகங்கள் தெரிய வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். சப்பாத்தும் வெள்ளைச் சொக்ஸும் மட்டும் வரிசையாக, ஒவ்வொரு சோடிக் காலுக்கும் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். காலையில் எடுத்தார்கள், போத்தல்கள் நிறைந்திருந்தன. பாடசாலை விடுகிற நேரத்தில் அதே இடத்தில் எடுத்தார்கள். சப்பாத்துகளில் பாதியைக் காணோம். மிச்சம் நின்ற போத்தல்கள் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன. நெட்டையின் குரல்: "காலையிலயும் நெறஞ்ச போத்தல். ரெண்டு மணிக்கும் நெறஞ்ச போத்தல். அரைப் பேரு."

போத்தலைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நானும் ஹட்டனிலிருந்து ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து, அதை அப்படியே ஹட்டனுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவள்தான். ஆசிரியர்களின் மலசலகூடத்துக்கும் அதே ஓடைத் தண்ணீர். டாக்டர் எனக்கு நீர்க்கடுப்புக்கு மூன்று தடவை மருந்து எழுதியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் "தண்ணி குடிங்க டீச்சர்" என்று திட்டிக்கொண்டு.

அதிபர் படத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர்த் தாங்கி கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகளே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

"டீச்சர், இது போனா மொதல்ல என்னத்தான் கேப்பாங்க."

"அனுப்ப வேணாமா சேர்?"

"அனுப்புங்க. என் கடதாசிய யாரும் வாசிக்கல. இதையாவது பாக்கட்டும்."

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் எல்லாப் பாடசாலைகளின் படங்களையும் போட்டுக் காட்டினார்கள். கை கழுவினார்கள், கை கழுவினார்கள், மரம் நட்டார்கள், மறுபடி கை கழுவினார்கள். எங்கள் படம் வந்தபோது மண்டபத்தில் இருமல் சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒரு டீச்சர் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிடம் நான் களைப்பை மறந்திருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் வலயத்திலிருந்து ஒருவர் பாடசாலைக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. என் மாற்ற விண்ணப்பம் கிடக்கும் மேசைக்கு உரியவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். அதிபர் அறையில் என்னையும் நெட்டையையும் கூப்பிட்டார்கள். மேசையில் என் வகுப்பு இடாப்பு விரித்துக் கிடந்தது.

"நல்ல படம்" என்றார். "அத மேல எடத்துக்கு அனுப்பி, தாங்கிக்கும் கொழாய்க்கும் கேக்கலாம்னுதான் வந்தேன். கேக்கிறதுன்னா கணக்கு வேணும். அதான் இடாப்பப் பாத்தேன். இதுல எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்காங்களே? அரைப் பேர் எங்க இருக்கு?"

இடாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

"ஆமாங்க சேர்."

"அப்ப பிள்ளைங்க வந்திருக்காங்க."

"வந்தாங்க சேர்" என்றேன்.

பொய் இல்லை. பெரும்பாலும் வந்தார்கள். எத்தனை மணிக்குப் போனார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இடாப்பைப் பொய்யாகப் போடுவது விளையாட்டுக் குற்றம் இல்லை. என் மூட்டு, என் மாற்றம், இருபத்துமூன்று வருடம், எல்லாம் அந்த நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன. பக்கத்தில் நின்ற பிள்ளை மட்டும் வரவில்லை.

அவர் பெருமூச்சு விட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அப்ப இது பிள்ளைங்க கூட்டிச் சொன்ன கதை. இத வச்சு நான் ஒண்ணும் கேக்க முடியாது. பாடசாலையைப் பத்தி இப்படிப் பொய்யா எடுத்ததுக்குப் பிள்ளைகிட்ட ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கி அனுப்புங்க. வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்க."

நெட்டை என்னைப் பார்த்தாள். அந்த ஒன்றுகளைப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். இடைவேளையில் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டியது யார் என்றும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு, பொய்க்காரி என்ற பெயரோடு அறையை விட்டு வெளியே போனாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சாகவில்லை, மூன்று மணி ஆட்டோவைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்குச் சமைத்தேன், சாப்பிட்டேன், வினாத்தாள் திருத்தினேன். நமக்கேன் வம்பு என்று பலதடவை சொல்லிக்கொண்டேன். பிள்ளை ஒரு கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அவள் எழுதவில்லை. இரண்டு நாள் பாடசாலைக்கும் வரவில்லை. இடாப்பில் அவள் பெயருக்கு நேரே பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் போட முடியவில்லை, பூஜ்யமும் போட முடியவில்லை. கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அம்மா வந்தார். நேராக மலையிலிருந்து இறங்கி வந்தவர். இடுப்பில் கட்டிய படங்குத் துணியில் தேயிலைப் பால் கறுப்பாகக் காய்ந்திருந்தது, விரல்களிலும் அதே கறுப்பு. கூடையை வெளியே சுவரோரம் வைத்துவிட்டு, மகளை முன்னால் தள்ளிக்கொண்டு அதிபர் அறைக்குள் வந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"டீச்சர், எம்மவ மன்னிப்பு எழுத மாட்டேங்கிறா. பொய் சொல்லியிருந்தா நானே ரெண்டு போட்டு எழுத வைக்கிறேன். சொன்னாளா இல்லியான்னு கேட்டா, டீச்சரக் கேளுங்கிறா. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கிறா. பாதியில எறங்கி வந்திருக்கேங்க. இன்னைக்கு எனக்கு அரைப் பேருதான். என்னைய வெறுங்கையோட அனுப்பாதீங்க."

அந்தச் சொல்லை அவர் படத்துக்காகச் சொல்லவில்லை. படத்தை அவர் பார்த்ததே இல்லை. தன் அரை நாளை வெட்டிக் கொடுத்துவிட்டு, என் பிள்ளை பொய்க்காரியா என்று கேட்க வந்திருந்தார். பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

"பொய் சொல்லலங்க" என்றேன். "நான்தான் பொய்யாப் போட்டது. பாதியில போற பிள்ளைங்களுக்கும் முழுசா வரவு போட்டேன். வராத நாளுக்கும் போட்டேன். இடாப்புதான் பொய்யி. பிள்ள சொன்னது எல்லாம் நெசம்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "நல்லதுக்குத்தானே டீச்சர் போட்டீங்க?"

"ஆமாங்க. நல்லதுக்குன்னுதான் நெனைச்சேன்."

"அன்னைக்கு அந்த ஐயா வந்தப்ப ஏங்க சொல்லல?"

"பயந்துட்டேங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பயம் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. "அப்ப அத எழுதிக் குடுங்க. வாயால சொல்லிட்டுப் போயிருவீங்க. எம்மவ பேரு கெட்டது பேப்பர்ல இருக்கு."

"டீச்சர், கொஞ்சம் யோசிச்சு..." என்று அதிபர் தொடங்கினார். தொடங்கியவர் தானாகவே நிறுத்திவிட்டு, மேசை லாச்சியிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை காத்திருக்க வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இரண்டு தவணை கழித்து ஒரு கறுப்புத் தாங்கி வந்தது. வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் வரும், மற்ற நாட்களில் தாங்கி சும்மா வெயில் காயும். கதவு இல்லாத மலசலகூடத்துக்குக் கதவு வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை. என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, எழுதினேன். மறுபடி கேட்டது, மறுபடி எழுதினேன். மாற்றம் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று நானும் இப்போது நம்பவில்லை. இன்றைக்கும் நோர்வூட்டில் இறங்கி அதே ஆட்டோவில்தான் இடித்துக்கொண்டு ஏறுகிறேன். என் வகுப்பு இடாப்பில் இப்போது இடைவேளைக்குப் பிறகு போகிற பிள்ளைகளின் கட்டத்தில் சிவப்பில் ஒரு சின்னப் பாதிக்கோடு இருக்கும். கோட்டத்தில் எங்கள் வரவுக்கு யாரும் கைதட்டுவதில்லை.

அந்த மத்தியானம் அதிபர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். இருபத்துமூன்று வருடமாக மற்றவர்களுக்குக் கடிதம் எழுதப் படிப்பித்தவளுக்கு முதல் வரி வர வெகுநேரம் எடுத்தது. 'தரம் பத்து மாணவிகள் காணொளியில் கூறிய யாவும் உண்மை என்பதையும், வகுப்பாசிரியையாகிய நானே வரவு இடாப்பில் உண்மைக்கு மாறாகப் பதிந்தேன் என்பதையும் இத்தால் அறியத் தருகின்றேன்' என்று எழுதினேன். பிறகு விவரம். 'தண்ணீர் வசதி இன்மையால் மாணவிகள் சில சந்தர்ப்பங்களில் இடைவேளையின் பின்னர் வீடு செல்கின்றனர்.'

எழுதி முடித்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் மகளைக் காட்டினார். "அவ படிக்கட்டும்."

நெட்டை நின்றபடியே வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, நான் அவள் கொப்பியை வாசிக்கிற மாதிரியே. விரல் ஓரிடத்தில் நின்றது.

"டீச்சர், அந்தச் செவப்புப் பேனையக் குடுங்க."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் தாளை மேசையில் வைத்து, குனிந்து, 'சில சந்தர்ப்பங்களில்' என்பதை ஒரே கோடாக வெட்டினாள். மேலே தன் நெருக்கமான கையெழுத்தில் எழுதினாள்: மாசாமாசம்.

எழுத்துத் தமிழில் அது மாதாமாதம். நான் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.